புதுக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: பவர் சப்ளையா, ரேமா?

ஈரக்காகிதம்:
எல்லாப் பாகங்களும் புதிது, நானே பூட்டியது. ரைசன் 7000 வரிசைப் புராசஸர், டிடிஆர்5 ரேம் 16 ஜிபி இரண்டு (பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கிறது, ரேமை அந்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பு மதர்போர்டின் பயாஸில் ஆன்), 650 வாட் பவர் சப்ளை, 200 வாட் சொச்சம் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு.

கேம் ஆடும்போது திடீரென்று திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரை வருவதே இல்லை. சில சமயம் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதும் இதே கதை. சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை. விண்டோஸை மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவன்ட் வியூவரில் உருப்படியாகத் தெரிவது ஒன்றுதான்: கெர்னல்-பவர் 41. எந்தப் பாகத்தை மாற்றுவது?

வாட்கணக்கு:
பவர் சப்ளையை மாற்றுங்கள், வேறு பேச்சே வேண்டாம். நீலத்திரை இல்லாமல் நேராக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மின்சாரம் அறுந்திருக்கிறது. கார்டு சராசரியாக 200 வாட் என்று போட்டிருப்பார்கள். ஆனால் மில்லி நொடிக் கணக்கில் அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். பவர் சப்ளைகளுக்கென்று 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் இந்தத் திடீர் இழுப்பைத் தாங்க வேண்டும் என்று தனியாக விதி சேர்த்ததே இதனால்தான். சுமாரான 650 வாட் யூனிட் அந்த நேரத்தில் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். 850க்குப் போங்கள்.

திருகாணி:
வாட்கணக்கு சார், 41 என்ற எண்ணைப் பார்த்ததும் பவர் சப்ளைமேல் பழி போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. போன முறை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் அடுத்த தடவை எழுந்ததும் எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினாலும் 41, ரேம் சொதப்பி இயந்திரம் உறைந்து நீங்கள் ரீசெட் அழுத்தினாலும் 41.

ஈரக்காகிதம், அந்த 41ஐத் திறந்து 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் பக்செக்கோட் என்ன என்று பாருங்கள். பூஜ்யம் இல்லாத எண் இருந்தால் நீலத்திரை வந்து உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. அதோடு, பிரவுசர் மட்டும் ஓடும்போது மொத்த இயந்திரமும் 100 வாட்டுக்குள்தான் இழுக்கும். அதற்குமா 650 போதவில்லை?

என் சந்தேகம் எக்ஸ்போமேல். அது ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது. 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 5200, அதுவும் இரண்டு ஸ்டிக் போட்டால். நான்கு போட்டால் 3600. பெட்டியில் இருக்கும் 6000 ரேம் கம்பெனியின் வாக்கு, புராசஸரின் வாக்கு இல்லை. எக்ஸ்போவை ஆஃப் செய்துவிட்டு வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

வாட்கணக்கு:
ரேம் கோளாறு என்றால் நீலத்திரை தினுசு தினுசாக வரும். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை வேறொன்று. ஜிப் ஃபைல் திறக்காது, கேம் இன்ஸ்டால் ஆகும்போது ஃபைல் கெட்டது என்று சொல்லும். இவருக்கு அப்படி ஒன்றுமே இல்லையே? நீங்கள் சோதனை சோதனை என்று இழுத்தடிப்பதற்குள் கடைக்காரர் திருப்பி வாங்கும் கெடு முடிந்துவிடும். அதையும் யோசியுங்கள்.

திருகாணி:
கெடு ஓடுகிறது என்பதால்தான் எந்தப் பாகம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்கிறேன். நல்ல பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிது வந்து, அதிலும் ரீஸ்டார்ட் ஆனால்? அப்போது ரேமுக்கான கெடுவும் போயிருக்கும். ரேமோ புராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரோ சொதப்பும்போது டம்ப் என்னும் பிழைப் பதிவை எழுதக்கூட அவகாசமில்லாமல் இயந்திரம் ரீசெட் ஆவதும் உண்டு. நீலத்திரை வரவில்லை என்பதை வைத்து ரேமை விட்டுவிட முடியாது.

கோமாளிக்கோழி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ரீசெட் ஸ்விட்ச் வயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கேபினட்டின் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு தானாகத் தொட்டுத் தொட்டு ரீஸ்டார்ட் ஆன இயந்திரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போர்டுக்குக் கீழே தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் குட்டைக் கால்) நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், கார்டில் இரண்டு 8 பின் மின் இணைப்பு இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் போடுங்கள்.

வாட்கணக்கு:
கோழி சொன்ன கேபிள் விஷயத்தை முதலில் செய்யுங்கள். கேபிளைக் கடன் வாங்குவதாக இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளில் பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. வேறொன்றின் கேபிள் கச்சிதமாக உட்காரும், ஆனால் போர்டையும் கார்டையும் எரித்துவிடும்.

ஈரக்காகிதம்:
எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பக்செக்கோட் எல்லாவற்றிலும் 0. ரீசெட் வயரைப் பிடுங்கினேன், மாற்றமில்லை. ஸ்டாண்டாஃப் சரியாக இருக்கிறது. கார்டுக்குத் தனித்தனிக் கேபிள் போட்டும் ரீஸ்டார்ட் ஆனது. எக்ஸ்போவை ஆஃப் செய்ததும் ரேம் 4800க்கு இறங்கியது, அதிலிருந்து கேமிலும் பிரவுசரிலும் ஒரு தடவைகூட விழவில்லை. மறுபடி ஆன் செய்து பென் டிரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். திரையில் தவறுகளைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

குழப்பம் இங்கேதான். ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டுமே 6000ல் தேறுகின்றன. சேர்த்துப் போட்டால் தவறு. 5600ல் வைத்தால் சேர்ந்தும் தேறுகின்றன. ஸ்லாட் சரிதான், புராசஸரிலிருந்து எண்ணினால் 2வதும் 4வதும்.

திருகாணி:
பவர் சப்ளை வழக்கு தள்ளுபடி. ஸ்டிக் தனித்தனியாகத் தேறுவதால் கன்ட்ரோலரோ போர்டோ இரண்டு ஸ்டிக்கை அந்த வேகத்தில் தாங்கவில்லை என்றுதான் படுகிறது. பயாஸைப் புதுப்பியுங்கள், உங்கள் புராசஸர் உட்காரும் ஏஎம்5 வகை போர்டுகளில் ரேம் ஒத்துழைப்பு அதனால் நிறையவே மாறும். அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும், பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை ஏற்றச் சொல்லி யாராவது வருவார்கள், ஏற்றாதீர்கள். 2023ல் இந்த வரிசையில் சில சிப்புகள் எரிந்த பிறகுதான் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தியது. பயாஸுக்குப் பிறகும் தேறாவிட்டால் 5600ல் விட்டுவிடுங்கள். கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

வாட்கணக்கு:
தள்ளுபடி என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். சரி, ரேம்தான் என்றே வைத்துக்கொள்வோம். 6000 என்று காசு வாங்கினவர்கள் 6000 தர வேண்டாமா? 5600ல் ஓட்டிக்கொள் என்று வாங்கினவருக்கே புத்தி சொல்வது என்ன நியாயம்? இன்று 5600ல் தேறுவது நாளை வெயிலில் தேறுமா? போர்டு கம்பெனியின் பரிசோதித்த ரேம் பட்டியலில் இந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் உள்ளதாகப் பார்த்து மாற்றிக் கேளுங்கள், கெடு இருக்கும்போதே.

திருகாணி:
பட்டியல் யோசனை நல்லது, அதில் சண்டையில்லை. ஆனால் கன்ட்ரோலர் பலவீனம் என்றால் புது ரேமும் அதே இடத்தில்தான் முட்டும்.

வாட்கணக்கு:
முட்டினால் அடுத்து புராசஸரைக் கேட்பார்.

ஈரக்காகிதம்:
பயாஸ் புதுப்பித்தும் 6000ல் தவறு வருகிறது. என் ரேம் போர்டின் பட்டியலில் இல்லை. கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொண்டார், பட்டியலில் உள்ளதைக் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: விண்டோஸை மறுபடி போட்டபோதும் எக்ஸ்போ ஆனில்தான் இருந்தது. இப்போது விண்டோஸைத் திரும்பப் போட வேண்டுமா?

திருகாணி:
போட்டுவிடுவது நல்லது. தவறும் ரேம் வழியாக டிஸ்க்கில் எழுதப்பட்ட ஃபைலை நம்ப முடியாது. சிஸ்டம் ஃபைல் செக்கர் விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும், உங்கள் படங்களையும் கேம்களையும் பார்க்காது. புது ரேமை முதலில் 4800ல் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், பிறகு எக்ஸ்போ போட்டு இரவு முழுக்க. ஒரே ஒரு தவறு வந்தாலும் தோல்விதான். தேறிய பிறகு விண்டோஸ்.

வாட்கணக்கு:
ரேம் வரும்வரை 4800லேயே இருங்கள். அந்த இரட்டை வால் கேபிளை மட்டும் திரும்பச் செருகிவிடாதீர்கள்.