கழுத்தில் எத்தனை எலும்பு?

பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். முதல் தடவை அருங்காட்சியகத்துக்குப் போனபோது நாற்பது கேள்விகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தேன். பிள்ளைகள் பெயர்ப்பலகையைப் பார்த்து விடை எழுதினார்கள். எலும்புக்கூட்டை நிமிர்ந்து பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான். தப்பு என்னுடையது.

அடுத்த ஆண்டு தாளே இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூட்டு முன்னால் நிறுத்தி, "கழுத்தில் எத்தனை எலும்பு?" என்று மட்டும் கேட்டேன். இருபது, முப்பது என்றார்கள். சரி, எண்ணுங்கள், விலா எலும்பு தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். விரலைக் காற்றில் நகர்த்தி எண்ணினார்கள். ஏழு! நம்பாமல் திரும்ப எண்ணினார்கள். பக்கத்தில் நின்ற மனித எலும்புக்கூட்டிலும் ஏழு. ஒவ்வொரு எலும்பும் நீண்டிருக்கிறதே தவிர எண்ணிக்கை கூடவில்லை என்று அவர்களே சொன்னார்கள். அங்கிருந்து வௌவாலின் இறக்கைக்கும் திமிங்கலத்தின் துடுப்புக்கும் போனோம். இரண்டிலும் விரல் எலும்புகளைத் தேடச் சொன்னேன். வேலை வேறானாலும் உள்ளே எலும்பு அமைப்பு ஒன்றாக இருக்கும் அமைப்பொத்த உறுப்புகள் என்ற பாடத்துக்கு அதன் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை.

திமிங்கலத்தின் அடியில் நின்ற ஒரு மாணவி, "டீச்சர், அந்த ரெண்டு சின்ன எலும்பு மட்டும் தனியா தொங்குதே, மாட்டும்போது இடம் மாறிடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பின்னங்கால்கள் இருந்த காலத்து இடுப்பெலும்பின் மிச்சம் அது. முதுகெலும்போடு சேராமல் தசைக்குள் புதைந்து கிடப்பது. ஆனால் வீணாகக் கிடக்கவில்லை. இனப்பெருக்க உறுப்பின் தசைகளுக்கு அதுதான் பிடிமானம். எச்ச உறுப்பு என்றால் பயனற்றது என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்தவர்கள், அன்று அந்த வரியைத் திருத்திக்கொண்டார்கள்.

தோட்டத்திலும் இதே வழிதான். பெரணி இலையைத் திருப்பிப் பார்த்ததும் "பூச்சி முட்டை" என்றான் ஒருவன், "நோய்" என்றான் இன்னொருவன். வரிசை தவறாத பழுப்புப் புள்ளிகளைக் கண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் பதில் சொல்லவில்லை. நன்கு முதிர்ந்த இலை ஒன்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் இலையை எடுத்தால் தாளில் பழுப்புத் தூள், அதே வரிசையில். அந்தத் தூள்தான் ஸ்போர், விதைக்குப் பதிலாகப் பெரணி இனம் பெருக்க உதிர்க்கும் நுண்துகள் என்று அப்போதுதான் சொன்னேன். மூச்சுக் காற்றில் கலைந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

இப்போதெல்லாம் பாடம் நடத்துவதற்கு முன்பே கூட்டிப் போய்விடுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று பொருள்கள், அதற்கு மேல் இல்லை.