சம்பூரில் பிறந்த தாதிக்குப் பிரித்தானியப் பதிவு: முகவருக்குப் பணம் கட்டலாமா?

கொட்டியாரத்துத் தாதி (திருகோணமலை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் அரச வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மட்டக்களப்பில் மூன்று வருட டிப்ளோமா முடித்தேன். இந்த வருடத்துடன் சேவை ஏழு வருடம். வயது 32. கணவர் மீன் வாடி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகளுக்கு நான்கு வயது.

நகரத்தில் ஒரு முகவரிடம் போனோம். 18 இலட்சம் ரூபாய் கேட்கிறார். "முதலில் பராமரிப்பாளராக லண்டனுக்குப் போங்கள், ஆறு மாதத்தில் அங்கேயே தாதியாக மாறிவிடலாம், பரீட்சை ஒன்றும் தேவையில்லை" என்கிறார். கோப்புக்குத் தேவை என்று கடவுச்சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் பணம் கட்டவில்லை. அம்மா தன் தாலிக்கொடியை அடகு வைக்கத் தயாராக நிற்கிறார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் சம்பூரில் பிறந்தவள். 2006இல் ஊரை விட்டு எழும்பியபோது கையில் எடுத்தது இரண்டு உடுப்புப் பைகள் மட்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறகுதான் எடுத்தோம். அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும், தாதியர் சபைப் பதிவில் இன்னொரு மாதிரியும், டிப்ளோமாச் சான்றிதழில் வேறொரு மாதிரியும் இருக்கிறது. இதனால் எல்லாம் நின்றுவிடுமா?

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையை ஒருமுறை எழுதினேன். கேட்டல் 7, வாசிப்பு 6.5, பேச்சு 7, எழுத்து 6. எழுதி மூன்று மாதம் ஆகிறது. இது வீணா?

அரச வேலையை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாருக்கும் துணிவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளியாள் (யோர்க்ஷயர்) பதில்:

தங்கச்சி, பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இதைக் கேளுங்கள். பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழியைப் பிரித்தானியா 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டது. அதற்கு முன்பே, 2024 மார்ச்சிலிருந்து, பராமரிப்பாளராக வருபவர்கள் கணவரையோ பிள்ளையையோ அழைத்துவர முடியாதபடி செய்துவிட்டார்கள். உங்கள் முகவர் விற்கும் கதவு இப்போது இல்லை. தாதியாகப் பதிவு பெற்று வருபவருக்கு வழி வேறு. அதில் குடும்பத்தையும் அழைத்துவரலாம். ஆனால் பரீட்சை இல்லாத வழி எதுவும் கிடையாது. வெளிநாட்டுத் தாதியரை வேலைக்கு எடுக்கும் முகவர்கள் அவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பிரித்தானிய அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறையிலேயே இருக்கிறது. 18 இலட்சம் கேட்கிறார் என்றாலே விளங்கிக்கொள்ளுங்கள்.

வழி இதுதான். என்எம்சி என்ற பிரித்தானியத் தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் சபையின் இணையத்தளத்தில் நீங்களே கணக்குத் திறக்கலாம். ஆங்கிலத் தகைமை, சிபிடி என்ற கணினிப் பரீட்சை, நம் நாட்டுத் தாதியர் சபை அவர்களுக்கு நேரடியாக அனுப்பும் பதிவு உறுதிப்படுத்தல், பொலிஸ் நற்சான்று, உடல்நலம் பற்றிய உறுதிமொழி ஆகியவை வேண்டும். இங்கே வந்த பிறகு ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. 2023இல் நான் கட்டியது: சிபிடிக்கு 83 பவுண், தகைமை மதிப்பீட்டுக்கு 140, ஓஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. கட்டும் நாளில் தளத்தில் இருக்கும் தொகையைப் பாருங்கள். வேலை தரும் வைத்தியசாலைகள் பல இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன.

உங்கள் ஐயெல்ட்ஸ் வீணில்லை. கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். இரண்டு அமர்வுகளின் பெறுபேறுகளைச் சேர்த்துக் காட்டலாம். இரண்டும் 12 மாதத்துக்குள் எழுதியவையாக இருக்க வேண்டும். எந்த அமர்விலும் முதல் மூன்று பகுதிகள் 6.5க்கும் எழுத்து 6க்கும் கீழே போகக்கூடாது. உங்கள் புள்ளிகள் சரியாக அந்த எல்லையில் நிற்கின்றன. அடுத்த முறை வாசிப்பில் 7, எழுத்தில் 6.5 எடுத்து, மற்ற இரண்டையும் 6.5க்குக் கீழே விடாமல் இருந்தால் போதும். இன்னும் ஒன்பது மாதம் கையில் இருக்கிறது.

இப்போது பெயர். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான், ஏனென்றால் என்னை ஐந்து மாதம் காக்க வைத்தது பரீட்சை இல்லை, அப்பாவின் பெயர். சண்முகநாதன். தமிழில் ஒரே பெயர். கடவுச்சீட்டில் 'எஸ்'ஸுக்குப் பக்கத்தில் 'எச்' இருந்தது. பதிவில் வெறும் 'எஸ்'. நடுவில் 'மு'வுக்கு அடுத்து ஒன்றில் 'ஜி', இன்னொன்றில் 'எச்'. போதாததற்குத் திருமணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர். உறுதிப்படுத்தல் கடிதம் பழைய எழுத்துக்கூட்டலில் போனது, என் விண்ணப்பம் கடவுச்சீட்டுப்படி போனது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு எழுதினார்கள்.

நீங்கள் இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, டிப்ளோமா, சபைப் பதிவு, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இருக்கும் பெயரை ஆங்கில எழுத்து எழுத்தாகக் கீழே கீழே எழுதுங்கள். எங்கே பிசகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். கடவுச்சீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து, சபைப் பதிவைத் திருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். திருத்த முடியாததற்கு, எல்லா எழுத்துக்கூட்டல்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். அதில் ஒரு எழுத்துக்கூட்டலையும் விடக்கூடாது. நான் ஒன்றை விட்டுவிட்டு இரண்டாவது தடவை முடித்தேன்.

சிபிடி பற்றிப் பயப்பட வேண்டாம். முதல் பகுதி கணக்கு: 15 கேள்வி, 30 நிமிடம், விடையை நாமே எழுத வேண்டும். இரண்டாம் பகுதி 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். கணக்கு இந்த மாதிரி: ஆயிரம் மில்லிலீட்டர் சேலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீட்டருக்கு 20 துளி, நிமிடத்துக்கு எத்தனை துளி? நாம் தினமும் விடுதியில் செய்வதுதான்.

ஓஸ்கியில் பத்து நிலையங்கள். நான் முதல் தடவை தவறினேன். ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மருந்து கொடுக்கும் நிலையம். நோயாளியாக நடித்தவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் மருந்து அட்டையைப் பார்த்தேன், அளவு பார்த்தேன், நேரம் பார்த்தேன், மாத்திரையைக் கையில் கொடுத்தேன். அவர் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியை நான் பார்க்கவே இல்லை. பெயர் கேட்கவில்லை, பிறந்த திகதி கேட்கவில்லை, ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஊரில் அறுபது பேர் படுத்திருக்கும் விடுதியில் கட்டில் இலக்கமும் பெட்ஹெட் டிக்கெட் என்ற நோயாளிக் குறிப்பேடும்தான் நமக்கு எல்லாம். "பதினேழாம் கட்டில் ஐயா" என்றால் ஆளைத் தெரியும். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தும்போதுதான் பட்டி ஞாபகம் வந்தது. தவறிய நிலையத்தை மறுபடி செய்ய 397 பவுண் கட்டினேன். இரண்டாவது முறை சித்தி. இப்போதே விடுதியில் ஒவ்வொரு மருந்துக்கும் முன் பெயரையும் ஒவ்வாமையையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகுங்கள். நோயாளிகள் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. நியூஸ் 2 அட்டவணையையும் பார்த்து வையுங்கள். நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு நோயாளி மோசமாகிறாரா என்று காட்டும் தாள் அது. இங்கே வேலையின் பாதி அதில்தான் ஓடுகிறது.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. 2025இல் வெளிநாட்டிலிருந்து தாதியரை எடுப்பது இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. பரீட்சை சித்தியடைந்தாலும் வேலைக் கடிதம் கிடைக்கக் காலம் எடுக்கும். என்எச்எஸ் என்ற இங்குள்ள அரச சுகாதார சேவையின் வேலைத் தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், மனம் தளராதீர்கள்.

கிண்ணியாச் சகோதரன் (ரியாத்) பதில்:

சகோதரி, பிரித்தானியா தாமதமானால் வளைகுடாவையும் யோசித்துப் பாருங்கள். சவூதிக்கு முமாரிஸ் பிளஸ் என்ற பதிவுத் தளத்தில் விண்ணப்பம், டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, பிரோமெட்ரிக் என்ற கணினிப் பரீட்சை. அமீரகத்தில் துபாய்க்கு ஒரு அனுமதி, அபுதாபிக்கு வேறு, மற்ற எமிரேட்டுகளுக்கு வேறு. ஒன்றை எடுத்தால் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள்.

டேட்டாஃப்ளோ நம்மிடம் கடிதம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது. கல்லூரிக்கும், வேலை செய்த இடத்துக்கும், சபைக்கும் தானே எழுதிக் கேட்கும். அங்கிருந்து பதில் வராவிட்டால் நம் கோப்புத்தான் நிற்கும். நான் முன்பு வேலை செய்த தனியார் இடம் ஒன்று மூடிவிட்டது, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான்கு மாதம் போய்விட்டது. உங்கள் அனுபவக் கடிதத்தில் சேர்ந்த திகதி, பதவிப் பெயர், கையொப்பமிட்டவரின் பெயர், வேலை செய்யும் தொலைபேசி இலக்கம், அலுவலக மின்னஞ்சல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் கிளையில் கோப்புப் பார்ப்பவரிடம் நேரில் போய், இப்படி ஒரு மின்னஞ்சல் வரும், தயவுசெய்து பதில் போடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உவர்மலை அம்மா (ஓய்வுபெற்ற மேட்ரன்) பதில்:

மகள், கடவுச்சீட்டை நாளைக்கே போய் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், கணவரைக் கூட்டிச் செல்லுங்கள். அதை வைத்துக்கொள்ள எந்த முகவருக்கும் உரிமை இல்லை. தர மறுத்தால் அங்கிருந்து நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அவர் சொல்லும் வேலைக்குப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் சுவரில் தொங்குவதை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

அரச வேலை பற்றி. 2022 ஜூனில் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022, ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி செய்தது. சுகாதார சேவைக்கு அது இன்று எப்படிச் செல்லுபடியாகிறது, உங்கள் தரத்துக்கு என்ன நிபந்தனை என்று நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ஓய்வூதியம் சிறிய விடயம் இல்லை. விடுமுறை அனுமதிக் கடிதம் கையில் வராமல் விமானச் சீட்டு எடுக்கவும் வேண்டாம்.

மெல்பேர்ன் தாதி பதில்:

ஆஸ்திரேலியாவையும் மனதில் வைத்திருந்தால், தங்கை, முதலில் பட்டம் முடியுங்கள். இங்கே பதிவுபெற்ற தாதிக்கு அளவுகோல் பட்டப்படிப்பு. நம் திறந்த பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா முடித்தவர்கள் வேலை செய்துகொண்டே தாதியியல் பட்டம் படிக்கலாம். நானும் அப்படித்தான் படித்தேன், இரவுக் கடமை முடிந்து வந்து பாடம் எழுதிய நாட்கள் பல. 2020 மார்ச்சிலிருந்து இருக்கும் முறையில் நம் போன்றவர்கள் முதலில் அமெரிக்காவின் என்கிளெக்ஸ் என்ற தாதியர் பரீட்சையையே எழுத வேண்டும், பிறகு இங்கே வந்து ஓஸ்கி. ஜெர்மனி என்றால் பி2 அளவு ஜெர்மன் மொழி கட்டாயம். அங்கே முகவர்கள் சொல்வதைவிட மொழி கற்க அதிக காலம் எடுக்கும்.

கொட்டியாரத்துத் தாதி பதில்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவுக் கடமையில் பன்னிரண்டு மணிக்குப் பிறகு விடுதி அடங்கியதும் தாள் எடுத்து எழுதினேன். அப்பாவின் பெயர் ஐந்து விதமாக இருக்கிறது. மூன்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அடையாள அட்டையில் கடைசி எழுத்தே விடுபட்டிருக்கிறது.

இன்று காலை கணவரும் நானும் முகவரிடம் போனோம். முதலில் கோப்பு கொழும்பில் இருக்கிறது என்றார். 1989க்கு அழைக்கப் போகிறோம் என்று கணவர் சொன்னதும் மேசை லாச்சியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அம்மா கொடியைக் கழற்றி ஒரு பேணிக்குள் போட்டு வைத்திருந்தார். திரும்பக் கழுத்தில் போட வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஐயெல்ட்ஸுக்குத் திரும்பப் பதிவு செய்கிறேன். வியாழக்கிழமை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்த் தாதியர் சபையில் எழுத்துக்கூட்டலைத் திருத்தக் கேட்கப் போகிறேன். அக்கா, சபைக்குப் போகும்போது சத்தியக் கடதாசி முதலே முடித்துக் கொண்டுபோக வேண்டுமா, அல்லது அவர்கள் எதைத் திருத்துவார்கள் என்று தெரிந்த பிறகு முடிக்கலாமா? நீங்கள் இரண்டு தடவை முடித்தேன் என்று எழுதியதால் கேட்கிறேன்.

சேலைன் கணக்கு, நிமிடத்துக்கு 42 துளி.

நிலாவெளியாள் (யோர்க்ஷயர்) பதில்:

42 சரி. சபையில் கேட்ட பிறகு முடியுங்கள். போகும்போது அந்தத் தாளை மறக்காமல் கொண்டுபோங்கள், ஐந்து எழுத்துக்கூட்டலும் அதில் இருக்கட்டும். மூலப் பத்திரங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள்.