மறுமொழி: தவ்ஹீதுக்குக் கலைச்சொல், 'ஏகத்துவம்' போதாதா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

எல்லா மதத்து மாணவர்களும் படிக்கும் பாடநூலில், இறைவன் ஒருவனே என்ற இஸ்லாமியக் கொள்கையான தவ்ஹீதை எந்தத் தமிழ்ச் சொல்லால் எழுதலாம் என்ற நம் உரையாடலில் மேலூர் நண்பர் எழுதியிருந்தார்:

> பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை முதல் மாத இதழ் வரை எல்லோரும் 'ஏகத்துவம்' என்றுதான் எழுதுகிறார்கள். பிறகெதற்குப் புதுச்சொல்?

வடசொல் என்பதற்காக அதைத் தள்ளச் சொல்லவில்லை. என் சிக்கல் வேறு. ஏகத்துவம் ஒன்றாய் இருக்கும் தன்மையைக் குறிக்கிறது. தவ்ஹீதோ, அரபியில் தக்பீர், தஸ்லீம் (ஸலாம் சொல்வது) போன்ற அதே வாய்பாட்டில் அமைந்த தொழிற்பெயர். தக்பீர் என்றால் இறைவன் பெரியவன் என்று வாய்விட்டுச் சொல்வது. அதைப் 'பெருமை' என்று யாராவது தமிழாக்குவார்களா? தவ்ஹீதும் அப்படித்தான்: இறைவன் ஒருவனே என ஏற்பதும், அதைச் சொல்வதும், அவனை மட்டுமே வணங்குவதும் சேர்ந்த செயல்.

இது வெறும் இலக்கணச் சண்டை என்பவர்கள் ஒரு அகீதா (இஸ்லாமிய நம்பிக்கைக் கோட்பாடு) பாடத்தைத் தமிழாக்கிப் பார்க்கட்டும். தவ்ஹீதை மூன்றாகப் பகுத்துப் பாடம் நடத்துவோர் உண்டு: படைத்து ஆள்வதில், வணக்கத்தில், பெயர்களிலும் பண்புகளிலும். 'வணக்கத்தில் ஏகத்துவம்' என்று எழுதினால், எல்லோருடைய வணக்கமும் ஒரே மாதிரி என்றுகூட மாணவன் புரிந்துகொள்வான்.

இனி, இக்குழுமத்தில் பிறர் முன்மொழிந்த மற்ற சொற்கள். 'ஒருமை' என்றதும் பன்மையும் கூடவே வந்து நிற்கும். பள்ளிக்கூட இலக்கணம் அப்படிப் பழக்கியிருக்கிறது. குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனம். அதில் இறைவன் ஒருவன் என்பதற்கு வரும் சொல் 'அஹத்'. எண்ணிக்கையில் ஒன்று என்பதற்கும் வழங்கும் 'வாஹித்' 2:163இல் இறைவனுக்கு வருகிறது என்பது உண்மைதான், ஆனாலும் எண்ணை ஒட்டிய சொல்லைத் தலைப்புச் சொல்லாக்க எனக்கு மனமில்லை. 'ஒருவனாக்கல்' வேண்டவே வேண்டாம். பலராக இருந்தவனை நாம் ஒருவனாக்கினோம் என்று பொருள்பட்டால் எந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) பொறுப்பார்?

திருமங்கலம் சகோதரி தந்த 'இணைவையாமை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இறைவனுக்கு இணையாக வேறொன்றைக் கருதும் ஷிர்க்குக்கு 'இணைவைத்தல்' என்று தமிழ் முஸ்லிம்கள் கண்ட சொல் அவ்வளவு கச்சிதம். அதை மறுத்துச் சொல்வது இயல்பான வழிதான். ஆனால் அது பாதியோடு நின்றுவிடுகிறது. இங்கே மதுரைக் காஜிமார் தெருப் பக்கம் ஹனஃபி வழியில் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று; ஷாஃபிஈ இன்னொன்று) தொழுபவர்களின் வலக்கையைக் கவனியுங்கள். தொழுகையில் அமர்ந்து ஓதும் அத்தஹிய்யாத் இருப்பில் 'லா இலாஹ' என்னும்போது சுட்டுவிரல் எழும். 'இல்லல்லாஹ்' என்னும்போது தாழும். வணக்கத்துக்குரியவர் வேறு யாருமில்லை என்ற மறுப்புக்கு ஒரு அசைவு, அல்லாஹ்வைத் தவிர என்ற ஏற்புக்கு இன்னொன்று. (கீழக்கரையில் ஷாஃபிஈ வழியில் தொழுபவர்கள் 'இல்லல்லாஹ்'வில்தான் விரலை உயர்த்துவார்கள், அது தனிக் கதை.) இணைவையாமையில் ஏற்புக்கு இடமே இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஓரிறையேற்பு. 'வணக்கத்தில் ஓரிறையேற்பு' என்றால் குழப்பம் இல்லை. ஓரிறை என்பதிலேயே மறுப்பு அடங்கிவிடுகிறது. 'ஓரிறைக் கொள்கை' இருக்கிறதே என்பீர்கள். அது யூதர், கிறித்தவர் நம்பிக்கைக்கும் பொருந்தும் பொதுச்சொல். அதை அந்தப் பொது இடத்திலேயே விட்டுவிடலாம்.

தவ்ஹீத் என்றே எழுதினால் என்ன என்று கேட்டவருக்கு: மார்க்க நூல்களில் தாராளமாக எழுதலாம். இதே மதுரையில் 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா என்ற இஸ்லாமியத் தமிழ் நூல், கேள்வியைக் குறிக்கும் அரபிச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது; தமிழ் அதனால் கெட்டுவிடவில்லை. ஆனால் இன்று நம் ஊரில் 'அவர் தவ்ஹீத்' என்றால் கொள்கையைவிட, அந்தப் பெயர் தாங்கிய அமைப்புகளின் இயக்கச் சார்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எல்லா மதத்து மாணவர்களும் படிக்கும் பாடநூலில் அந்தச் சாயல் வேண்டாம் என்பது என் கருத்து.

மேலூர் நண்பர் வருந்த வேண்டாம், ஏகத்துவத்துக்கும் வேலை இருக்கிறது. இறைவனின் இருபது பண்புகள் என்று மதரஸாக்களில் ஓதும் வரிசையில் வரும் 'வஹ்தானிய்யத்' (ஒருவனாய் இருத்தல்) தன்மைப் பெயர்தான். அதற்கு ஏகத்துவம் அளவெடுத்தாற்போல் பொருந்தும். எனக்குத் திருப்தி தராதது 'முவஹ்ஹித்' (தவ்ஹீதை ஏற்றவர்) ஒன்றுதான். 'ஓரிறையேற்பாளர்' வாயில் நுழைய மறுக்கிறது. சுருக்கமாக யாரிடமாவது உண்டா?


வணக்கத்துடன்,
மதுரையிலிருந்து