சின்னப் பிள்ளைகளோடு உல்லாசக் கப்பல்: போய் வந்தவர்கள் சொல்வது

பாயான் லெப்பாஸ், பினாங்கு

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கார்ட்டூன் பாத்திரங்கள் கையசைக்கும் குடும்பக் கப்பலுக்குக் கைக்குழந்தையையும் நடை பழகும் பிள்ளையையும் கூட்டிப் போகலாமா? போகலாம். ஆனால் எந்தக் கப்பல் என்று பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு என்ன வயது, பேம்பர்ஸ் விட்டாயிற்றா என்று பாருங்கள். கொடுக்கிற காசுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ராயல் கரீபியன், டிஸ்னி என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களிலும் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றமாட்டார்கள். நடுவில் எங்கும் நிற்காமல் தொடர்ந்து 3 நாளோ அதற்கு மேலோ கடலில் இருக்கும் பயணம் என்றால் ராயல் கரீபியனில் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். இந்த வயதைக் கப்பல் ஏறும் தேதியில் கணக்கிடுவார்கள், டிக்கெட் எடுக்கும் தேதியில் அல்ல. தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தால், பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிடக் கூடாது. முதல் பிள்ளைக்கு 2 வயதாகும்போது பல வீடுகளில் இதுதான் நிலைமை. அதனால் முதலில் இந்தத் தேதியை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த கோடு 3 வயது. பிள்ளைகளுக்கான விளையாட்டு மன்றத்தில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வது 3 வயது நிறைந்து, தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளை மட்டும். ஜட்டி மாதிரி இழுத்துப் போடும் பேம்பர்ஸும் பேம்பர்ஸ்தான், அதற்கும் அனுமதி இல்லை. அங்குள்ள பணியாளர்கள் துணி மாற்றிவிட மாட்டார்கள்.

குளத்திலும் இதே விதிதான். நீந்தும்போது போடும் பேம்பர்ஸ் மலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், கிருமியைத் தடுக்காது. கப்பல் குளத்தில் அதே தண்ணீர்தான் வடிகட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்தில் இருக்கும் எல்லாருக்கும் அந்த ஆபத்து உண்டு. பேம்பர்ஸ் போடும் பிள்ளைகளுக்கென்று தனியாக நீர் பீய்ச்சும் சின்ன இடம் சில கப்பல்களில் இருக்கும், எல்லாக் கப்பலிலும் இருக்காது. டிக்கெட் எடுக்கும் முன் இந்த ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண் முன்னால் அவ்வளவு பெரிய சறுக்கு இருந்தும் தொட முடியாமல் 2 வயதுப் பிள்ளை மூன்று நாள் அழுவதைப் பார்ப்பது கொடுமை.

3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல கப்பல்களில் காப்பகம் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். இடம் மிகக் குறைவு, கப்பல் ஏறிய பிறகு கேட்டால் மாலை நேரங்கள் எல்லாம் போயிருக்கும். இணையத்தில் முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்து வையுங்கள்.

செராஸ், கோலாலம்பூர்

அக்கா, 2 வயது 10 மாதம், கழிப்பறைப் பழக்கம் நன்றாக வந்துவிட்டது என்றால் மன்றத்தில் சேர்ப்பார்களா?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

மாட்டார்கள் தங்கச்சி. வயதும் வேண்டும், பழக்கமும் வேண்டும். கடப்பிதழில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்துத்தான் பதிவார்கள். 3 வயது நிறைந்த பிறகு போங்கள். அதே செலவில் பிள்ளைக்குக் கிடைப்பது இரட்டிப்பாகும்.

கிள்ளான்

எங்கே ஏறுவது என்பதில் வருஷா வருஷம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறும் பயணம் என்றால் கப்பல் நிற்பது புலாவ் இண்டாவில். கொமுட்டர் ரயிலின் கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்கினால் எதிரே இருப்பது கேத்தாம் தீவுக்குப் படகு போகும் துறை. அங்கிருந்து பாலம் தாண்டி இன்னும் காரில்தான் போக வேண்டும். பெட்டி, தள்ளுவண்டி, தூங்கி விழும் பிள்ளை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அங்கே நின்று வண்டி தேடாதீர்கள். வீட்டிலிருந்தே காரில் போய்விடுங்கள்.

சிங்கப்பூரிலும் இரண்டு முனையங்கள். ஒன்று ஹார்பர்பிரண்டில், மற்றொன்று மரினா சவுத் பியர் எம்ஆர்டி பக்கத்தில் உள்ள மரினா பே முனையம். டிஸ்னி அட்வெஞ்சர் கப்பல் கிளம்புவது மரினா பேயிலிருந்து. 3 இரவு அல்லது 4 இரவு கடலிலேயே சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும், நடுவில் வேறு துறைமுகம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒரு வசதி என்றே சொல்வேன். மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இறங்கி ஏறும் வேலை இல்லை.

சிங்கப்பூர் போக மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) உதவாது, பிள்ளைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். 12 வயதுக்குக் கீழே கட்டணம் 100 வெள்ளி. காலாவதிக்கு 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், மடியில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்து. போய்ச் சேரும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள்தான் அனுப்ப முடியும். அது இலவசம். காசு கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். வேப் பிடிக்கும் அப்பாக்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் போனாலோ தாத்தா பாட்டி கூட்டிப் போனாலோ, பிறப்புப் பத்திரத்தின் நகலும் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் முகப்பில் நின்று தொலைபேசியில் ஆளைத் தேடுவது வீண் அலைச்சல். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் கப்பலுக்குப் போகிறவர்கள் முந்தின நாளே போய்த் தங்குங்கள். விடுமுறைக் காலத்தில் ஜோகூர் பாலத்தில் பஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பல் காத்திருக்காது.

செந்தூல், கோலாலம்பூர்

முதல் நாள் மதியத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். பெரும்பாலானவர்களுக்குத் தவறுவது அங்கேதான்.

பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர மாலை, சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகிவிடும். அறையே மதியம் 1 மணிக்குப் பிறகுதான் திறக்கும். ஆகவே நீங்கள் தோளில் மாட்டும் பையில் ஒரு முழு நாள் இருக்க வேண்டும்: பேம்பர்ஸ் 8, துடைக்கும் ஈரத்தாள் ஒரு கட்டு, பால் மாவு 5 வேளைக்கு அளந்து, பிள்ளைக்கு இரண்டு மாற்றுத்துணி, உங்களுக்கு ஒரு சட்டை, நீச்சல் உடை, எல்லா மருந்தும், கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வை அல்லது பொம்மை. அந்தப் போர்வை பெட்டிக்குள் போய்விட்டால் மதியத் தூக்கம் போனது போலத்தான்.

ஏறியதும் எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள். ஒருவர் பிள்ளையோடு சாப்பிட, மற்றவர் நேராகப் பிள்ளைகள் மன்றத்துக்குப் போய்ப் பதிவு செய்யட்டும். ஒவ்வாமை, மருந்து விவரம், அழைத்துப் போக யார் யார் வரலாம் என்பது, இரகசியச் சொல் எல்லாம் அங்கே கேட்பார்கள். மாலையில் போனால் நீண்ட வரிசை. பாத்திரங்களோடு படம் எடுக்கும் நேரத்தையும் பல கப்பல்களில் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். 2 வயதுப் பிள்ளைகள் பெரிய தலை பொம்மையைக் கிட்டத்தில் பார்த்தால் அலறுவது சகஜம். தூரத்திலிருந்து கையாட்ட விடுங்கள், மடியில் உட்காரச் சொல்லாதீர்கள்.

அறையைப் பற்றி: குழந்தைக் கட்டிலை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். அதை விரித்தால் நடக்க இடமே இருக்காது, அதனால் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பெரும்பாலான அறைகளில் குளிக்கத் தூவல்குழாய் மட்டுந்தான். உட்கார்ந்தே குளித்துப் பழகிய குழந்தைக்குக் காற்றடிக்கும் சின்னத் தொட்டி எடுத்துப் போங்கள். சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும், ஈரத்துணி மாட்ட நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். நம் மூன்று முனைச் செருகி பல கப்பல்களில் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புக் கம்பி, கெட்டில், நீராவியில் பாட்டில் சுத்தம் செய்யும் கருவி எல்லாவற்றையும் பல கப்பல்களில் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். தீ பயம் காரணம். பாட்டிலுக்குக் குளிர்நீரில் போடும் கிருமிநீக்க மாத்திரை போதும்.

பால் கலக்க 70 டிகிரிக்குக் குறையாத சுடுநீர் வேண்டும். உணவுக்கூடத்தில் பிடித்து நல்ல பிளாஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 3 மணிக்கு உணவுக்கூடம் மூடியிருக்கும், அதனால் தூங்கப் போகும் முன் நிரப்பிவிடுங்கள்.

பால்கனி அறை எடுத்தால் அங்குள்ள நாற்காலி, மேசையைக் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது பணியாளரிடம் சொல்லி அகற்றிவிடுங்கள். நாற்காலியில் ஏறி நிற்கும் வயதுதான் இது. கதவின் மேல்தாழ்ப்பாளை எப்போதும் போட்டு வையுங்கள். இதில் ஒரு நிமிட அசட்டை கூட வேண்டாம்.

பிறை (மருந்தகப் பணி)

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். புக்கெட் பக்கம் போகும் பயணம் மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் ஆடும். 2 வயதுக்குக் கீழே குமட்டல் அரிது, 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். காது உணரும் ஆட்டமும் கண் பார்க்கும் அசையாத அறையும் ஒத்துப்போகாததுதான் காரணம். அதனால் டேப்லெட்டைப் பிடுங்கிவிட்டு வெளியே கூட்டிப்போய்த் தொடுவானத்தைக் காட்டுங்கள். அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு.

குமட்டலைத் தடுக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை 2 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. 2 முதல் 5 வயது வரை ஒரு வேளைக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேர இடைவெளி, ஒரு நாளுக்கு 75க்கு மேல் போகக் கூடாது. மாத்திரை 50 மில்லிகிராம் என்றால் அதில் கால் அல்லது அரை. ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுத்தால்தான் பலன், வாந்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். சில பிள்ளைகள் தூங்காமல் எதிர்மாறாகத் துள்ளுவார்கள். வீட்டிலேயே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை பெரியவர்களுக்கானது, பிள்ளைக்கு ஒட்ட வேண்டாம்.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறைச் சொல்லியே ஆக வேண்டும். பாராசிட்டமால் திரவம் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகையில் விற்கிறது. ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதுதான் அளவு. 10 கிலோ பிள்ளைக்கு 120 வகையில் 5 மில்லி சரி. அதே 5 மில்லியை 250 வகையில் கொடுத்தால் அளவு மீறிவிடும். அப்பா ஒன்றும் பாட்டி ஒன்றுமாக இரண்டு பாட்டில் எடுத்து வராதீர்கள். ஒரே வகை, அதோடு வந்த ஊசிக்குழல், பெட்டிமேல் எடையும் அளவும் எழுதி ஒட்டுங்கள்.

கப்பலில் வேகமாகப் பரவும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான நோரோவைரஸை ஆல்கஹால் கைத்தூய்மைத் திரவம் நன்றாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 வினாடி. ஏறும் நாளில் வாந்தி, பேதி இருந்தால் மறைக்காதீர்கள். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் சாதாரணக் கிளினிக்கைப் போல இருக்காது, பிள்ளை பெயரிலும் பயணக் காப்புறுதி எடுத்து வையுங்கள்.

கிள்ளான்

உயிர்காப்புச் சட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏறியதும் அறைப் பணியாளரிடம் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் சொல்லுங்கள். சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்கும் 100 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் கைக்குழந்தை அளவு, 43 கிலோ வரை சிறுவர் அளவு. பெரியவர் சட்டையை இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் பிள்ளை நழுவிக் கீழே போய்விடும். 7 சிறு ஒலி, 1 நீண்ட ஒலி என்றால் அபாய நேரத்தில் எல்லாரும் கூடும் கூடலிடத்துக்குப் போக வேண்டும். மன்றத்தில் இருக்கும் பிள்ளையை அப்போது யார் எங்கே ஒப்படைப்பார்கள் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடலிட எண் போட்ட கைப்பட்டை கொடுத்தால் கடைசி நாள் வரை கழற்றாதீர்கள்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

சாப்பாடு: இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தியைக் கேளுங்கள். 8 மணிப் பந்தியில் பிள்ளை தட்டிலேயே தூங்கிவிடும். புரட்டாசி சைவமோ மாட்டிறைச்சி விலக்கோ இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்து, முதல் இரவு பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். பருப்பும் சோறும் குழையப் பிசைந்து வேண்டுமென்றால் முந்தைய நாளே சொன்னால் சமையலறையில் செய்து தருவார்கள். வீட்டில் சமைத்த உணவை உள்ளே விடமாட்டார்கள், முத்திரை பிரியாத குழந்தை உணவு பரவாயில்லை.

கப்பல் பினாங்கில் நின்றால் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே வெளியே வரலாம். கார்ன்வாலிஸ் கோட்டையும் பாடாங் கோத்தா லாமா கடற்கரையும் பக்கத்திலேயே, பிள்ளை ஓட நல்ல இடம். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு 11 மணிக்குள் குளிரூட்டிய அறைக்குத் திரும்பிவிடுங்கள். கொடிமலைக்குப் போக ஆசை இருந்தால் அதிகாலையில் மட்டும். விடுமுறை நாளில் ரயிலுக்கான வரிசையில் இறங்கும்போதும் நிற்க வேண்டியிருக்கும்.

புக்கெட்டில் பாத்தோங் விரிகுடாவில் கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும், சின்னப் படகில் போக வேண்டும். தள்ளுவண்டியை மடித்துத் தூக்க வேண்டும் என்பதால் குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணி நல்லது. தாய்லாந்து நேரம் நம்மைவிட 1 மணி பின்னால். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் நேரம் மாறாமலும் இருக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் தொலைத்தொடர்பில் தானே ஒட்டிக்கொண்டு பில் ஏறும், கிளம்பியதும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

செராஸ், கோலாலம்பூர்

"பிள்ளைக்கு இலவசம்" என்று போட்டால் முழுவதும் இலவசமா அண்ணா?

கிள்ளான்

அறைக் கட்டணம் மட்டும் இலவசம் தங்கச்சி. துறைமுகக் கட்டணமும் வரியும் பிள்ளைக்கும் உண்டு. ராயல் கரீபியனில் பணியாளர் அன்பளிப்பும் வயது பார்க்காமல் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேரும். நான்கு பேர், 4 இரவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் விலையை ஒப்பிடுங்கள்.