புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டுக்கு டெஸ்க்டாப் வாங்கியாயிற்று
சோலாரிஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) காலத்து யூனிக்ஸ் ஆள் நான். வீட்டுக்கு மேக் மினியா, ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வழிவந்த இலவச இயங்குதளம்) போட்ட பிசியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கியது செகண்ட் ஹேண்ட் மினி பிசி, 16 ஜிபி ராம்; ஃப்ரீபிஎஸ்டிதான் போட்டேன். "தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், இன்டெல் சிப்பிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டிஆர்எம்-கேமாட் என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பை நிறுவி, ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இன்டெல்லுக்கான ஐ915கேஎம்எஸ் டிரைவரைச் சேர்த்ததும் திரை பளிச். பயனரை வீடியோ குழுவில் (கிராஃபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி உள்ள பயனர் குழு) சேர்க்க மறந்து அரை நாள் வீண், என் தப்பு.

எதிர்பாராதது வைஃபை. உள்ளேயிருந்த கார்டை ஃப்ரீபிஎஸ்டி கண்டுகொள்ளவே இல்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து) சமாளித்தேன், அப்புறம் கேபிளே இழுத்துவிட்டேன்.

நேற்று மழையில் இரண்டு முறை கரண்ட் போனது. வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை அசரவில்லை. இருந்தாலும் யுபிஎஸ் வாங்கச் சொன்னவர் பேச்சைக் கேட்கப்போகிறேன்.