மகனுக்கு 18 ஆச்சு: பென்ஷன், பேங்க் கணக்கு யார் பேரில்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு, 75%. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கு. கையெழுத்து போடத் தெரியாது. 18 முடிஞ்சதால மைனர் கணக்கை அப்படியே நடத்த முடியாதுன்னு பேங்கில் சொல்றாங்க. பஞ்சாயத்து பென்ஷன் அந்தக் கணக்குக்குத்தான் வருது. என்ன செய்யலாம்?

பதில் 1: அக்கா, பெத்தவங்கன்னாலும் 18க்கு மேல சட்டப்படி தானா கார்டியன் ஆக முடியாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி பாலக்காடு கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு ஃபார்ம் ஏ-ல, கார்டியனா நியமிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுங்க. யூடிஐடி, வயசுச் சான்று, மகன், கார்டியன் ரெண்டு பேர் ஆதார், போட்டோ சேர்த்து வையுங்க. இதுக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். குழு தர்ற கார்டியன் சான்றை வச்சுக் கணக்கு நடத்தலாம்னு ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்கு; மேனேஜர் மறுத்தா எழுத்துல கேளுங்க, பாதி பேர் அங்கேயே இறங்கி வந்துடுவாங்க.

பதில் 2: சான்று வந்ததோட வேலை முடியாது. மகன் பேரில் உள்ள சொத்து, பணம் எல்லாத்துக்கும் 6 மாசத்துல பட்டியல் கொடுக்கணும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிஞ்சு 3 மாசத்துல வரவு செலவுக் கணக்கும் அதே குழுவுக்குக் கொடுக்கணும். பென்ஷன் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கோட கலக்காதீங்க, பின்னாடி பிரிக்கவே முடியாது.

பதில் 3: பென்ஷன் நிக்கிறது பெரும்பாலும் மஸ்டரிங்லதான், அதாவது அக்ஷயா இ-சேவை மையத்துல ஆதார் ரேகை வச்சு ஆள் இருக்காருன்னு உறுதி பண்றதுல. 15 வயசுல ஆதார் கைரேகையைப் புதுப்பிக்காம விட்டிருந்தா ரேகை பொருந்தாது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க. பையனோட அப்பா பழைய முறையில வருமான வரி கட்டுறாரா? மாற்றுத்திறனாளி மகனைப் பராமரிக்கிறதுக்கு வருமானத்துல 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80% அல்லது அதுக்கு மேல இருந்தா 1,25,000.