பதில்: மின்தடை உணரியா, மின்வெட்டு உணரியா?

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ மென்பொருளின் தமிழாக்கத்தில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> கரண்ட் போனதும் ஹோம் அசிஸ்டன்டுக்குச் சொல்லும் சென்சாரை ‘மின்தடை உணரி’ என்றே அழைக்கலாமே. ‘நாளை மின்தடை’ என்றுதானே நாளிதழில் வருகிறது?

நாளிதழுக்குச் சரி. பாடநூலில் மின்தடை என்பது ஓமில் அளப்பது. ‘10 கிலோஓம் மின்தடையை இணைக்கவும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘மின்தடை ஏற்பட்டால் அறிவிப்பு வரும்’ என்றால் படிப்பவர் பாவம்.

> அப்படியானால் மின்வெட்டு உணரி?

வெட்டு என்றால் வெட்டுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை நிறுத்தினார்களே, அது மின்வெட்டு. தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தாலும், வீட்டு ஃபியூஸ் போனாலும், மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போனாலும் அதே பெயரா? காரணம் எதுவும் சென்சாருக்குத் தெரியாது.

அதற்குத் தெரிவதுதான் என்ன? நம்மில் பலர் செய்யும் அமைப்பையே பாருங்கள். இன்வெர்ட்டர் சேராத பிளக்கில் ஒரு பழைய போன் சார்ஜர். அதன் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டுக்கு இறக்கி இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் ஒரு பின்னுக்குக் கொடுக்கிறோம். பலகையும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில். சார்ஜருக்கு உயிர் இருந்தால் ‘ஆன்’, இல்லையென்றால் ‘ஆஃப்’. ஆக, அது பார்ப்பது கரண்ட் இருப்பதை. ஹோம் அசிஸ்டன்டில் இதற்குரிய ‘பவர்’ வகையிலும் ஆன் என்றால் மின்சாரம் உண்டு என்றே பொருள். மின்வெட்டு உணரி என்று பெயரிட்டால், வீடு முழுக்க விளக்கு எரியும்போது திரையில் ‘மின்வெட்டு: ஆன்’ என்று நிற்கும்!

என் பரிந்துரை மின்வரவு உணரி. நிலைகள்: மின்வரவு உண்டு, மின்வரவு இல்லை. ‘கரண்ட் வந்துடுச்சா?’ என்று கேட்கிற வாய்க்கு இது அந்நியமாக இருக்காது.

யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளுக்கும் இது உதவும். அதில் ‘ஓஎல்’ (OL) என்ற நிலைக்குறியின் விரிவு ‘ஆன் லைன்’. அதை ‘இணைப்பில் உள்ளது’ என்று பெயர்த்தால் இணைய இணைப்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கம்பியில் மின்சாரம் வருகிறது என்பதே அதன் பொருள். ‘மின்வரவில்’ என்றும், ‘ஓபி’க்கு (OB, ‘ஆன் பேட்டரி’) ‘பேட்டரியில்’ என்றும் வைத்துவிட்டால் தீர்ந்தது.

> சோலார் வைத்தவர்கள் ‘மின்வரவு’ என்றால் தங்கள் கணக்கில் சேரும் யூனிட் வரவு என்று நினைக்க மாட்டார்களா?

நினைக்கலாம், நியாயமான கேள்விதான். அவர்களுக்கு மட்டும் ‘வெளி மின்வரவு’ என்று ஒரு அடை சேர்க்கலாம். மற்றவர்களுக்கு அது வேண்டாத சுமை.

அப்புறம் ஒன்று. சிலர் ஸ்மார்ட் பிளக்கையே உணரியாக வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் பிளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். திரையில் ‘அன்அவைலபிள்’ என்று வரும். வைஃபை போனாலும் அதேதான் வரும். எனவே அதை ‘மின்வரவு இல்லை’யோடு சேர்த்துவிட வேண்டாம். ‘அன்அவைலபிள்’ என்பதற்கு இப்போதுள்ள தமிழான ‘கிடைக்கவில்லை’, கடையில் சரக்கு தீர்ந்த மாதிரி ஒலிக்கிறது. ‘தொடர்பில் இல்லை’ போதும்.

மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்ற வேண்டும்.